வீட்டில் தோட்டா ரீலோடிங்: முதன்முதலாகக் கருவி வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுட்டு முடித்த தோட்டாவில் மிஞ்சுவது பித்தளைக் கூடு. தோட்டாவின் உறுப்புகளில் விலை கூடியது பெரும்பாலும் அதுதான். ஒருமுறை சுட்டதோடு அதன் ஆயுள் முடிந்துவிடுவதில்லை. வெடித்த பிரைமரை, அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணத்தை, அடியிலிருந்து தள்ளிவிட்டு, விரிந்த கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை அளந்து இட்டு, மேலே குண்டை அமர்த்தினால் அது மறுபடியும் ஒரு தோட்டா. இலக்குச் சுடும் விளையாட்டில் இருப்பவர்கள் இதை ரீலோடிங் என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் மருந்து அளவு எதுவும் சொல்லப்போவதில்லை. எந்தக் கருவியை ஏன் வாங்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்பது மட்டுமே இங்கே பேச்சு. கீழே உள்ளவை புதியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை.

கருவி பார்க்கத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஏதும் உண்டா?

உண்டு. உங்கள் நாட்டுச் சட்டம். சில நாடுகளில் துப்பாக்கி உரிமம் உள்ளவர் தன் சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்யலாம். சிலவற்றில் மருந்தும் பிரைமரும் வைத்திருக்கத் தனி உரிமமும் தேர்வும் உண்டு. சிலவற்றில் தனி ஆள் தோட்டா செய்வதே குற்றம். உங்கள் உரிமத்தை வழங்கிய அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். 'எல்லாரும் செய்கிறார்கள்' என்று கிளப்பில் யாரோ சொன்னது அனுமதி ஆகாது. அனுமதி இல்லையென்றால் இந்தப் பக்கம் உங்களுக்கு வெறும் வாசிப்பு மட்டுமே.

சரி, அனுமதி உண்டு. முதலில் வாங்க வேண்டியது என்ன?

புத்தகம். கூட்டை அழுத்தும் பிரெஸ் அல்ல, கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் டை என்ற அச்சும் அல்ல. குண்டு செய்யும் நிறுவனங்களும் மருந்து செய்யும் நிறுவனங்களும் ரீலோடிங் கையேடுகள் வெளியிடுகின்றன. அவற்றின் முன்பகுதியை, அதாவது மருந்து அட்டவணை தொடங்குவதற்கு முன் வரும் நூறு பக்கத்தை, இரண்டு தடவை வாசியுங்கள். அதை வாசித்தவர் கடைக்குப் போனால் தனக்கு எது வேண்டும் என்று அவரே சொல்வார். வாசிக்காதவருக்குக் கடைக்காரர் சொல்வார்.

முடிந்தால் இரண்டு வெவ்வேறு நிறுவனக் கையேடு வைத்திருங்கள். ஒரே தோட்டாவுக்கு, ஒரே மருந்துக்கு, இரண்டிலும் அளவு கொஞ்சம் மாறியிருக்கும். அச்சுப்பிழை அல்ல அது. அவர்கள் சோதித்த குழல் வேறு, குண்டு வேறு, பிரைமர் வேறு. இந்த ஒன்று மனதில் பதிந்தாலே, முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் எழுதிய அளவை நம்பிக் கூட்டில் மருந்து போடக் கை வராது.

பிரெஸ்ஸில் மூன்று வகை சொல்கிறார்களே, எது எனக்கு?

பிரெஸ் என்பது நெம்புகோல் வைத்த ஓர் இரும்புச் சட்டம். கீழே ராம் என்ற தண்டு. அதன் தலையில் கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர். மேலே டை. நெம்புகோலை இழுத்தால் கூடு டைக்குள் ஏறும்.

சிங்கிள் ஸ்டேஜ் பிரெஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு டை. ஐம்பது கூட்டுக்கும் முதல் வேலையை முடித்துவிட்டு, டையை மாற்றி, ஐம்பதுக்கும் அடுத்த வேலை. டரெட் பிரெஸ்ஸில் நாலைந்து டைகள் ஒரு வட்டத் தலையில் நிற்கும். தலையைத் திருப்பினால் அடுத்த டை வரும். புரோகிரெசிவ் பிரெஸ்ஸில் கூடுகள் ஒரு தட்டில் சுற்றி வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒவ்வொரு கூட்டில் ஒவ்வொரு வேலை நடக்கும். இழுத்த இழுப்புக்கு ஒரு தோட்டா விழும்.

புதியவருக்கு சிங்கிள் ஸ்டேஜ். ரைஃபிளுக்கு வேறு பேச்சே இல்லை. கைத்துப்பாக்கிக்கு மட்டும் சுடுபவர், மாதம் முந்நூறு நானூறு தேவைப்படுபவர், டரெட் வாங்கி அதன் தலையைத் திருப்பாமலே முதல் சில மாதம் சிங்கிள் ஸ்டேஜ் போல ஓட்டலாம். நல்ல யோசனைதான் அது. வாங்கும்போது வார்ப்பிரும்பு உடம்பு உள்ளதை, அதிலும் முன்பக்கம் திறந்த சி வடிவத்தை விட நாலு பக்கமும் மூடிய ஓ வடிவத்தைப் பாருங்கள். அழுத்தத்தில் சி வடிவம் நூலிழை விரியும். ரைஃபிள் கூட்டை அளவுக்குக் கொண்டுவரும்போது அந்த நூலிழையும் கணக்கில் வரும்.

ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: டை மாட்டும் துளையின் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. ஏறக்குறைய எல்லாரும் பின்பற்றும் அளவு இது. இந்த மரை இருந்தால் எந்த நிறுவன டையும் எந்த நிறுவன பிரெஸ்ஸிலும் ஏறும்.

புரோகிரெசிவ் வாங்கும் வசதி இருக்கிறது. நேரே அதையே வாங்கிவிட்டால் என்ன தப்பு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் நீளமாகப் பதில் சொல்வேன்.

ரீலோடிங்கில் உயிருக்கு ஆபத்தான தவறுகள் இரண்டு. ஒரு கூட்டில் மருந்து இரண்டு முறை விழுவது. ஒரு கூட்டில் மருந்தே விழாமல் போவது. முதலாவதில் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். இரண்டாவதில் பிரைமரின் பலம் மட்டும் குண்டைத் தள்ளி, அது பாதிக் குழலில் சிக்கி நிற்கும். சத்தம் சிறுத்ததைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் உப்பும், அல்லது பிளக்கும்.

இரட்டை மருந்து கண்ணுக்குத் தெரியாதா என்பார்கள். ரைஃபிளில் பெரும்பாலும் தெரியும்; கூடு கழுத்துவரை நிறைந்திருக்கும், இரண்டாம் முறை போட்டால் வழியும். கைத்துப்பாக்கியில் அப்படியில்லை. .38 ஸ்பெஷலை எடுத்துக்கொள்ளுங்கள். 1898இல் கரும்மருந்துக் காலத்தின் கடைசியில் வந்த தோட்டா. இடம் நிறையப் பிடிக்கும் கரும்மருந்துக்காக அளவெடுத்த நீளக் கூடு. இன்று அதில் நாம் போடுவது புகையில்லா மருந்து. பல மருந்துகளுக்குக் கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு மடங்கு போட்டாலும் மேலே குண்டு தாராளமாக அமரும். வெளியே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் இராது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொடங்கி மூன்றாவது மாதம். ஐம்பது குழி உள்ள கட்டையில் கூடுகளை நிறுத்தி மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போனேன், வந்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். விட்ட இடம் என்று நான் நினைத்தது ஒரு கூடு பின்னால். குண்டு வைக்கும் முன் விளக்கைச் சாய்த்து ஐம்பது வாயையும் வரிசையாகப் பார்ப்பது புத்தகத்தில் படித்த பழக்கம். நாலாவது வரிசையில் ஒன்றில் மட்டும் மருந்தின் மட்டம் உயர்ந்து தெரிந்தது. தராசில் கொட்டிப் பார்த்தேன், சரியாக இரட்டிப்பு. ஐம்பதையும் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு அன்று எழுந்துவிட்டேன்.

அந்த ஒரு கூட்டை எனக்குக் காட்டிக்கொடுத்தது கட்டையும் விளக்கும் மெதுவான பிரெஸ்ஸும்தான். புரோகிரெசிவில் ஐம்பது வாயையும் ஒன்றாகப் பார்க்கும் அந்தக் கணம் கிடையாது. பிரைமர் ஊட்டம், மருந்து ஊட்டம், தட்டின் சுழற்சி, டையின் இறுக்கம் என்று நாலைந்து ஒரே நேரத்தில் ஓடும். எது சரியாக இருந்தால் எப்படி உணரும் என்று கை அறிந்திராதபோது, எது பிசகியது என்றும் தெரியாது. மருந்து மட்டத்தைச் சோதிக்கும் டைகள் அவற்றுக்கு உண்டு, நல்லவைதான். ஆனால் அவை தேர்ந்த கைக்குத் துணை. புதிய கைக்கு அவற்றால் ஈடுகட்ட முடியாது. ஆயிரம் தோட்டா சிங்கிள் ஸ்டேஜில் செய்த பிறகு புரோகிரெசிவ் வாங்குங்கள். அப்போதும் பழைய பிரெஸ்ஸை விற்கத் தோன்றாது.

எல்லாம் சேர்த்துப் பெட்டியாக விற்கிறார்களே, அந்தக் கிட் வாங்கலாமா?

வாங்கலாம். ஆர்சிபிஎஸ், லீ, ஹார்னடி, லைமன் போன்றவர்கள் எல்லாரும் தொடக்கக் கிட் வைத்திருக்கிறார்கள். பிரெஸ், தராசு, மருந்து அளவை, கையேடு, கட்டை, புனல், கூட்டின் வாயை மழிக்கும் சாம்ஃபர் கருவி எல்லாம் ஒன்றாக வரும். தனித்தனியாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் செலவு குறையும்.

ஆனால் பெட்டியைத் திறந்ததும் தோட்டா செய்துவிட முடியாது. டை, ஷெல் ஹோல்டர், நீளம் அளக்கும் காலிப்பர் ஆகியவை பெரும்பாலான கிட்டில் இராது. கூடு நறுக்கும் ட்ரிம்மர் பலவற்றில் இராது. கிட்டின் மதிப்பை அதிலுள்ள தராசை வைத்து எடைபோடுங்கள். செலவைக் குறைக்க நிறுவனங்கள் முதலில் கை வைப்பது அதில்தான் என்பது நான் பார்த்தவரையில் உண்மை. பிரெஸ் சுமாராக இருந்தால் கை வலிக்கும், அவ்வளவுதான். தராசு சுமாராக இருந்தால் சங்கதி வேறு.

பிரெஸ்ஸே வேண்டாம், சுத்தியலால் தட்டிச் செய்யும் சிறு கருவி போதும் என்கிறார்களே?

லீ லோடர் என்று 1958இலிருந்து வருவது. உள்ளங்கைப் பெட்டிக்குள் அடங்கும், நன்றாகவே வேலை செய்யும். அதில் தட்டிப் பழகியவர்கள் பலர் பிற்காலத்தில் தேர்ந்த கைகளாக ஆனதுண்டு. என் தயக்கம் இரண்டு. பிரைமரையும் தட்டித்தான் பொருத்த வேண்டும். சில சமயம் அது வெடிக்கும். மருந்தைச் சிறு கரண்டியால் அளக்கச் சொல்லும். கரண்டி அள்ளும் விதத்துக்கு எடை மாறும். அதை வாங்கினாலும் தராசும் பாதுகாப்புக் கண்ணாடியும் கூடவே வாங்குங்கள்.

டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒவ்வொரு தோட்டா வகைக்கும் தனி டைத் தொகுப்பு. நேரான சுவர் கொண்ட கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு மூன்று டை: அளவுக்குக் கொண்டுவருவது, வாயைக் கொஞ்சம் விரிப்பது, குண்டை அமர்த்துவது. கழுத்துள்ள ரைஃபிள் கூட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு போதும்.

கைத்துப்பாக்கிக்கு வாங்கும்போது கார்பைடு வளையம் உள்ளதையே கேளுங்கள். சாதாரண எஃகு டையில் ஒவ்வொரு கூட்டுக்கும் எண்ணெய்ப் பசை தடவி, பிறகு துடைக்க வேண்டும். கார்பைடில் அந்த வேலையே இல்லை. விலை வித்தியாசத்தை முதல் இருநூறு கூட்டிலேயே மறந்துவிடுவீர்கள்.

ரைஃபிள் கூட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, பசை தடவியே ஆக வேண்டும். தடவாமல் ஏற்றினால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் அடி விளிம்பு பிய்ந்து, உடம்பு உள்ளேயே நிற்கும். இது எல்லாருக்கும் ஒருநாள் நடக்கும். சிக்கிய கூட்டை எடுக்கும் சிறு கருவி ஒன்று விற்கிறார்கள்; ரைஃபிள்காரர் அதை முதல் நாளே வாங்கி வைக்கலாம். கூட்டின் தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியில், பசை அதிகமானாலும் கெடுதிதான், தோள் குழிந்துவிடும்.

ஷெல் ஹோல்டரைச் சிலர் டையோடு சேர்த்துத் தருவார்கள், சிலர் தனியே விற்பார்கள். பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசு: முள் தராசா, மின்னணுத் தராசா?

பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் இங்கேதான் என்பேன்.

மருந்தின் எடை கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் சுமார் 64.8 மில்லிகிராம். ரீலோடிங் தராசு 0.1 கிரெய்ன்வரை காட்ட வேண்டும், அதாவது ஆறரை மில்லிகிராம். சமையல் தராசும் தபால் தராசும் இதற்கு ஆகவே ஆகாது. நகைக்கடைத் தராசு போலத் தெரியும் மலிவுச் சட்டைப்பைத் தராசுகள் இன்னொரு கண்ணி: எழுத்தில் 0.1 காட்டும். சிட்டிகை சிட்டிகையாக மருந்தைச் சேர்த்தால் அசையாமல் நின்று, பிறகு ஒரே தாவலாகத் தாவும்.

முள் தராசு புவியீர்ப்பில் ஓடுவது. மின்சாரம் வேண்டாம், சூடாக வேண்டாம், இருபது ஆண்டானாலும் கத்தி விளிம்பு மழுங்காதவரை பொய் சொல்லாது. மெதுவானது; முள் ஆடி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மின்னணுத் தராசு வேகமானது, ஆனால் சுபாவம் மாறும். மின்விசிறிக் காற்றுக்கு எண் மாறும். பக்கத்தில் கைபேசி இருந்தால், பழைய குழல்விளக்கு எரிந்தால், சிலவற்றில் எண் நகரும். இயக்கிய உடனே அளந்தால் கால் மணி நேரம் கழித்து வேறு எண் காட்டும்.

என் கருத்து: முதல் தராசு முள் தராசாக இருக்கட்டும். மின்னணுத் தராசு வாங்கினாலும் சோதனை எடைக்கல் தொகுப்பு கட்டாயம். நீங்கள் போடப்போகும் மருந்தின் எடைக்குக் கிட்டத்தட்ட வரும் கல்லை உட்காரும்போது ஒருமுறை, நடுவில் ஒருமுறை, எழும்போது ஒருமுறை வையுங்கள். எழும்போது வைத்த கல் தப்பான எண் காட்டினால், நடுவிலிருந்து செய்த அத்தனையும் சந்தேகத்துக்குரியது. அந்தத் தோட்டாக்களைப் பிரித்துவிட வேண்டியதுதான்.

மருந்து அளவை என்று ஒன்று இருக்கிறதே, அது இருந்தால் தராசு எதற்கு?

மருந்து அளவை எடை போடுவதில்லை, கொள்ளளவை அளக்கிறது. பிடியைத் திருப்பினால் உள்ளே ஒரு குழி நிறைந்து, திரும்பினால் கூட்டில் கொட்டும். அந்தக் குழியின் அளவைத் தராசை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். பிறகும் பத்துக்கு ஒன்றைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மணி போன்ற உருண்டை மருந்தும் சிறு தட்டு மருந்தும் அளவையில் சீராக ஓடும். பென்சில் முனை போல நீண்ட குச்சி மருந்து ஓடாது. குறுக்கே விழுந்து அடைக்கும். ஒன்றில் குறைந்து அடுத்ததில் கூடும். குச்சி மருந்துக்கு அளவையைச் சற்றுக் குறைவாக வைத்து, மீதியைத் தராசுத் தட்டிலேயே ட்ரிக்ளர் என்ற திருகுக்குழாயால் துளித்துளியாக நிரப்புவது வழக்கம். ட்ரிக்ளர் விலை மிகக் குறைவு, வாங்கிவிடுங்கள்.

சாதாரண மருந்து அளவை புகையில்லா மருந்துக்கு மட்டுமே. கரும்மருந்தை அதில் போடாதீர்கள். அது தீப்பொறிக்குச் சட்டென்று பற்றும் இனம், அதற்கென்று தனி அளவை உண்டு.

பிரைமர் பொருத்த எது நல்லது?

பெரும்பாலான பிரெஸ்ஸில் பிரைமர் கை ஒன்று கூடவே வரும்; தொடங்க அது போதும். ஆனால் கையில் பிடித்து அழுத்தும் தனிக்கருவி நான் விரும்பிச் சிபாரிசு செய்வது. பிரைமர் குழியின் அடியைத் தொட்டு நிற்பது விரலுக்குத் தெரியும். பிரெஸ்ஸின் நீண்ட நெம்புகோலில் அந்த உணர்வு மங்கிவிடும். கூட்டின் அடியைத் தடவிப் பார்த்தால் பிரைமர் மயிரிழை உள்ளே இறங்கியிருக்க வேண்டும். வெளியே துருத்தினால் அந்தக் கூடு ஆகாது.

பிரைமர்தான் இந்த மேசையிலேயே அடித்தால் வெடிக்கும் பொருள். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

காலிப்பர், ட்ரிம்மர், சாம்ஃபர்... இவை உடனே வேண்டுமா?

காலிப்பர் உடனே வேண்டும். முள்வட்டம் உள்ளதோ மின்னணுவோ, 0.001 அங்குலம், அதாவது 0.025 மில்லிமீட்டர் காட்டினால் போதும். தோட்டாவின் மொத்த நீளத்தை அதில்தான் பார்ப்பீர்கள். கைத்துப்பாக்கித் தோட்டாவில் குண்டு தேவைக்கு மேல் உள்ளே இறங்கினால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் ஏறும். ஆகவே நீளம் வெறும் அழகுக் கணக்கு அல்ல.

ரைஃபிள் கூடு ஒவ்வொரு சூட்டிலும் கழுத்துப் பக்கம் நீளும், ட்ரிம்மர் அவசியம். 9 மி.மீ. போன்ற குட்டைக் கூடுகளை நறுக்கத் தேவையே வருவதில்லை எனலாம். சாம்ஃபர் கருவி கூட்டின் வாயை உள்ளும் புறமும் மழிப்பது. விலை குறைவு, பல ஆண்டு உழைக்கும்.

எந்தக் கூட்டையும் ரீலோடு செய்யலாமா?

முடியாது. ரிம்ஃபயர் கூடு ஆகாது; அதன் வெடிக்கலவை விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. எஃகு, அலுமினியக் கூடுகளை விட்டுவிடுங்கள். பித்தளையிலும் உள்ளே எட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு துளை இருந்தால் பாக்ஸர் வகை. டையின் ஊசியே பழைய பிரைமரைத் தள்ளிவிடும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளை இருந்தால் பெர்டன் வகை. ஊசி அதில் உடையும். எட்வர்ட் பாக்ஸர் ஆங்கிலேயர், ஹைரம் பெர்டன் அமெரிக்கர்; இருவரும் 1860களில் கண்டுபிடித்தவை இவை. ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது ஆங்கிலேயருடையது, ஐரோப்பாவில் பரவியது அமெரிக்கருடையது.

இராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். அந்தப் பூட்டைச் சீவாமல் புதுப் பிரைமர் ஏறாது. தொடக்கத்தில் அவை வேண்டாம். புதுக் கூடோ, நீங்களே ஒருமுறை சுட்ட கூடோ போதும். கூட்டின் அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால் அங்கே சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அதை நசுக்கிப் போடுங்கள், யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி.

கூட்டைப் பளபளப்பாக்கும் டம்ளர் வேண்டுமா?

முதல் மாதம் வேண்டாம். அழுக்கும் மணலும் டைக்குள் போகாமல் துணியால் துடைத்தால் போதும். பளபளப்பு குறி தவறாமைக்கு எதுவும் சேர்ப்பதில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கருதுங்கள். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டில் அதன் கரி ஒட்டியிருக்கும். மக்காச்சோளத் தக்கைப் பொடியோ அக்ரூட் ஓட்டுப் பொடியோ போட்டுக் குலுக்கும் உலர் டம்ளரில் அந்த ஈயம் தூசியாகக் கிளம்பும். வீட்டுக்குள், அதுவும் குழந்தைகள் தவழும் வீட்டுக்குள், அதை ஓட்டவும் சலிக்கவும் கூடாது. தண்ணீரும் எஃகு ஊசியும் போட்டுச் சுற்றும் ஈர டம்ளரில் தூசி இல்லை. ஆனால் அந்தக் கறுத்த தண்ணீரில் ஈயம் உண்டு. பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள். வேலை மேசையில் தின்பண்டம் வேண்டாம், எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பழைய கருவிகள் வாங்கலாமா?

பிரெஸ்ஸைத் தயங்காமல் வாங்கலாம். நாற்பது ஆண்டு பழைய வார்ப்பிரும்புப் பிரெஸ்கள் இன்றும் நேராக நிற்கின்றன. ராமை மேலேற்றி ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். டையில் உள்ளே துரு, கீறல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். முள் தராசை எடைக்கல் வைத்துச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

மூடி திறந்த மருந்து டப்பாவை மட்டும் யார் கொடுத்தாலும், இலவசமாகவே கொடுத்தாலும், எடுக்காதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் பெயர்தான் உள்ளே இருக்கிறது என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. வேறு ஒருவர் செய்த தோட்டாவையும் சுடாதீர்கள்.

மேசை எப்படி இருக்க வேண்டும்?

நெம்புகோலை இழுக்கும்போது அசையாத மேசை. சுவரோடு பிணைத்தால் நல்லது. அடுப்பு, ஹீட்டர், தண்ணீர்ச் சூடேற்றி இருக்கும் அறை வேண்டாம். புகை பிடிப்பவர் உள்ளே வரக்கூடாது. கூட்டின் வாய்க்குள் வெளிச்சம் இறங்கும்படி திருப்பக்கூடிய விளக்கு ஒன்று. மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா, ஒரே வகைப் பிரைமர். வேலை முடிந்ததும் அளவையில் மீந்த மருந்தை அதே டப்பாவில் திரும்பக் கொட்டி மூடிவிட வேண்டும். அளவையிலேயே விட்டுவிட்டு மறுநாள் வந்து 'இது எந்த மருந்து' என்று யோசிக்கும் நிலை வரக்கூடாது. யோசிக்க வேண்டி வந்தால் அந்த மருந்து அழிக்க வேண்டிய மருந்து.

தொலைக்காட்சியும் கைபேசியும் வேறு அறையில் இருக்கட்டும். களைத்திருக்கும் இரவில் உட்காராதீர்கள்.

மருந்தையும் பிரைமரையும் எங்கே வைப்பது?

வந்த டப்பாவிலேயே, வந்த அட்டைப் பெட்டியிலேயே. பிரைமரைப் பாட்டிலில் மொத்தமாகக் கொட்டி வைப்பது மிகப் பெரிய தவறு. ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். வந்த பெட்டியில் அவை ஒன்றையொன்று தொடாதபடி இருப்பது அதனால்தான்.

கனத்த இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைத்தால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. புகையில்லா மருந்து திறந்த இடத்தில் வேகமாக எரியும். இறுக மூடிய இரும்புக்குள் எரிந்தால் அதுவே வெடிகுண்டு. பூட்டுப் போட்ட மர அலமாரி, குளிர்ந்த உலர்ந்த இடம், மருந்தும் பிரைமரும் வெவ்வேறு தட்டில். எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதை உங்கள் சட்டம் சொல்லும்.

தப்பாகச் செய்துவிட்ட தோட்டாவை என்ன செய்வது?

சுத்தியல் வடிவப் புல்லட் புல்லர் வாங்குங்கள். தோட்டாவை அதன் தலையில் மாட்டி மரக்கட்டையில் தட்டினால் குண்டும் மருந்தும் உள்ளே விழும். ரிம்ஃபயர் தோட்டாவை அதில் வைத்துத் தட்டவே கூடாது. 'ஒன்றுதானே, சுட்டுவிடலாம்' என்று நினைக்காமல் இருக்கக் கையெட்டும் தூரத்தில் அந்தச் சுத்தியல் கிடக்க வேண்டும்.

இதனால் பணம் மிச்சமாகுமா?

கூட்டைப் பத்து முறை பயன்படுத்தினால் ஒரு தோட்டாவின் விலை கட்டாயம் குறையும். மாதம் ஐம்பது தோட்டா சுடும் 9 மி.மீ.காரருக்குக் கருவி விலை திரும்ப வர ஆண்டுகள் ஆகும். அபூர்வ ரைஃபிள் தோட்டாவோ பெரிய ரிவால்வர் தோட்டாவோ சுடுபவருக்குச் சீக்கிரம் வரும். ஆனால் பெரும்பாலானவர்கள் மிச்சம் பிடிப்பதில்லை. அதே செலவில் கூடுதலாகச் சுடுகிறார்கள். தன் துப்பாக்கிக்கென்றே பொருத்திச் செய்த தோட்டா இலக்கில் நெருங்கி விழுவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே நான் இதில் இருக்கிறேன்.

முதல் நாள் எத்தனை தோட்டா செய்யலாம்?

பத்து. கையேட்டில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதைத்தான். உச்ச அளவை அல்ல. மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டா இரண்டை முதலில் செய்து, நீளம் பார்த்து, துப்பாக்கியில் சுலபமாக ஏறி இறங்குகிறதா என்று சரிபாருங்கள். பிறகு பத்து. அவற்றைச் சுட்டு, கூடுகளையும் பிரைமரின் முகத்தையும் பார்த்த பிறகே அடுத்தவை. பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: தேதி, மருந்தின் பெயர், அதன் எடை, குண்டின் எடை, பிரைமர் வகை, மொத்த நீளம், கூடு எத்தனையாவது முறை. சீட்டு எழுதிய பிறகுதான் மேசை விளக்கை அணைக்க வேண்டும்.